பிரெடிக்டிவ் டெக்ஸ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழித்துறையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களுக்காக, கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்வது பற்றி ஒரு சிறு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை நாகர்கோவில் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். 'தே' என்று தட்டியதும் மேலே தேன், தேதி, தேவை என்று வந்து நிற்கிறதே, அந்த வசதிக்குப் பெயர் வேண்டும். வரைவில் 'முன்கணிப்பு உரை' என்று இருக்கிறது. படித்துப் பார்த்த ஒரு அக்கா, "மழை வருமா வராதா என்று சொல்லுமா?" என்று கேட்டுவிட்டார்.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா கேட்டது நியாயம்தான். 'உரை' என்றதும் நமக்குப் பரிமேலழகர்தான் வருவார். பழைய பொத்தான் போனில் டி9 வந்த கதையைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். சியாட்டிலில் டீஜிக் என்ற நிறுவனம் 1990களில் செய்தது அது. ஒரு பொத்தானில் மூன்று நான்கு ஆங்கில எழுத்து இருக்கும். 4663 என்று அழுத்தினால் குட் (good), ஹோம் (home), கான் (gone) மூன்றுமே பொருந்தும். அகராதியைப் பார்த்து ஒன்றை எடுத்து நீட்டும், அவ்வளவுதான். இன்றைய கைப்பேசி அதற்கு மேலே போய், அடுத்த சொல்லையும் எடுத்து வைக்கிறது. ஊகிப்பதுதானே இது? 'சொல்லூகம்' என்று போடுங்கள்.

அதங்கோட்டிலிருந்து:

ஊகம் வடசொல். தமிழாகத்தான் எடுப்பேன் என்றால் மலைபடுகடாத்துக்குப் போங்கள், அங்கே கருவிரல் ஊகம், அதாவது குரங்கு, குட்டியோடு ஓடும். சொற்குரங்கு என்று அச்சடிக்கப் போகிறீர்களா?

சொல் நம்மிடமே இருக்கிறது: முன்னம். முன்னுதல் என்றால் கருதுதல். இந்த இடத்தில், இந்தப் பேச்சு, இன்னாருக்கு இன்னார் சொல்வது என்று குறிப்பால் அறிவதைத் தொல்காப்பியச் செய்யுளியல் முன்னம் என்கிறது. கைப்பேசி செய்வதும் அதைத்தான். தொல்காப்பியம் அரங்கேறியது அதங்கோட்டாசான் முன்னிலையில். அந்த ஊர்க்காரன் இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி? சிலர் அதங்கோடு வேறு எங்கோ என்கிறார்கள். தொல்காப்பியத்தின் முன்னுரையான பாயிரத்தில் 'நிலந்தரு திருவின் பாண்டியன்' என்று வருவதை வைத்து அவர்கள் சொல்லும் வாதம்...

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா, பாயிரத்தைத் தனி மடலில் வைத்துக்கொள்வோமா? 'முன்னம் வசதியை இயக்கவும்' என்றால் படிப்பவர் 'முன்பு இருந்த வசதி' என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தக்கலையிலிருந்து:

நான் பத்தாம் வகுப்புக்குச் சொற்கள் சேரும் புணர்ச்சி இலக்கணம் நடத்துகிறவள், அதனால் அங்கிருந்தே வருகிறேன். கையிலிருக்கும் சொல் நிலைமொழி, அடுத்து வருவது வருமொழி. கருவி தேடுவது வருமொழியைத்தானே? ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சௌகரியமும் தமிழில் உண்டு. 'அந்தப்' என்று ஒற்றோடு தட்டிவிட்டால் அடுத்த சொல் பகரத்தில்தான் தொடங்கும்: பெட்டி, பூ, பழம். ஒற்றுப் போட்டு எழுதியதைப் படித்துப் பழகிய கருவிக்குப் பாதி வேலை மிச்சம். நம் ஆட்கள் ஒற்றை விட்டுவிட்டு எழுதுவதால் அந்தத் துப்பு போய்விடுகிறது.

அப்புறம், வெறும் அகராதி தமிழுக்குப் போதாது. கூடு என்ற ஒரே சொல் கூட்டை, கூட்டில், கூட்டிலிருந்து, கூடுகளுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். நெடில்தொடர்க் குற்றியலுகரம் டகரத்தை இரட்டிப்பது (கூடு, கூட்டை ஆவது) தெரியாத கருவி 'கூட்ட' என்று தட்டியதும் கூட்டம் நடத்தப் போய்விடும், தேன்கூட்டுக்கு வராது. அதனால் இரண்டு பெயர் வையுங்கள். பாதிச் சொல்லை நிரப்புவது 'சொல்முடிப்பு'. அடுத்ததை நீட்டுவது 'வருசொல்'. வருமொழி என்றால் பிள்ளைகள் தேர்வை நினைத்துப் பயப்படும்.

குழித்துறையிலிருந்து:

டீச்சர் சொன்னது பிடித்திருக்கிறது. நேற்று சாயங்காலம் அதே அக்காவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். அவர் வேறு ஒன்று சொன்னார்: "நாம முன்ன எழுதினத போன் ஓர்மை வச்சிருக்கு, அத எடுத்துத் தருது. ஓர்மைச்சொல்னு போடுங்க." ஓர்மை என்றால் எங்கள் பக்கம் நினைவு. அடிக்கடி எழுதும் சொல்லைக் கைப்பேசி முன்னால் கொண்டுவருவதால் இதுவும் சரியாகத்தான் படுகிறது.

நாகர்கோவிலிலிருந்து:

ஓர்மை நம் மாவட்டத்தில் செல்லும். மதுரைக்காரர் மலையாளம் என்பார்.

அதங்கோட்டிலிருந்து:

மலையாளமா? ஓர்தல் திருக்குறளிலேயே உண்டு. 'ஓர்ந்துகண் ணோடாது' படிக்கவில்லையா? கடன் வாங்கியது யார் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஓர்மைக்கு என் ஆதரவு, முன்னத்துக்கு அடுத்தபடியாக. வருசொல்லை ஏற்க மாட்டேன். அது வினைத்தொகை. வந்த சொல், வருகின்ற சொல், வரும் சொல் மூன்றையும் குறிக்கும். இதில் எது?

தக்கலையிலிருந்து:

மூன்றும்தான் ஐயா. அதுதான் அந்தச் சொல்லின் அழகு.

குழித்துறையிலிருந்து:

அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். தலைப்பில் வருசொல், சொல்முடிப்பு இரண்டையும் போட்டுவிட்டேன். விளக்கத்தில் 'போன் ஓர்மை வைத்து எடுத்துத் தரும்' என்று ஒரு வரி இருக்கிறது. நாகர்கோவில் அண்ணாச்சி அரைமனதோடு சரி என்றார், மற்றவர்கள் மறுக்கவில்லை.

அதங்கோட்டிலிருந்து:

நான் மறுத்திருக்கிறேன். பதிவு செய்துகொள்ளவும். இரண்டாம் பதிப்பு வரும்போது முன்னத்தை மீண்டும் எடுப்பேன். பாயிரம் பற்றிய மடல் தனியே வருகிறது.