நந்தியாவட்டையில் ஒரு புழு

சுந்தரி அத்தை: [படம்] தாழ்வாரத்து நந்தியாவட்டையை இந்தப் புழு மொட்டையடித்துவிட்டது. விரல் பருமன் இருக்கிறது. தலைப் பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு புள்ளி. மருந்து அடிக்கட்டுமா?

கவின்: வேண்டாம் அத்தை! வாலில் மஞ்சள் கொம்பு இருக்கிறதா?

சுந்தரி அத்தை: ஆமாம்ப்பா, குட்டியாக.

கவின்: பருந்து அந்துப்பூச்சியின் புழு அது. அரளி, நந்தியாவட்டை இலைதான் அதற்குச் சாப்பாடு. இறக்கை முளைத்த பிறகு ராத்திரியில் பறந்தபடியே பூவில் தேன் குடிக்கும்.

முருகன் மாமா: அந்துப்பூச்சிக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறாயே.

கவின்: பூமலைத் தாவரவியல் பூங்காவின் ஆர்க்கிட் தோட்டத்தில் “ஏன்டா இத்தனை வடிவம்?” என்று கேட்டீர்களே மாமா. பூச்சிகள்தான் பெரிய காரணம். மடகாஸ்கரில் வெள்ளை ஆர்க்கிட் ஒன்று இருக்கிறது. பூவுக்குப் பின்னால் ஏறக்குறைய 30 செ.மீ. குழாய் தொங்கும், தேன் அதன் அடியில் மட்டும்.

முருகன் மாமா: பள்ளிக்கூட ரூலர் நீளம்! எது எட்டிக் குடிக்கும்?

கவின்: அத்தனை நீள நாக்குள்ள அந்துப்பூச்சி அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று 1862இல் டார்வின் எழுதினார். அது பருந்து அந்துப்பூச்சியாக இருக்கும் என்றார் இன்னொரு இயற்கை ஆய்வாளரான வாலஸ், 1867இல். டார்வின் இறந்து 21 வருடம் கழித்து, 1903இல், அந்தப் பூச்சிக்கு ‘முன்பே சொல்லப்பட்டது’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

தேன்மொழி: சிலிர்க்கிறது. ஆனால் குழாய் எதற்கு அவ்வளவு நீளம்?

கவின்: நாக்கு குழாயைவிட நீளமாக இருந்தால் பூச்சி தள்ளி நின்றே குடித்துவிடும், மகரந்தம் ஒட்டாது அக்கா. ஆழமான பூ என்றால் முகத்தை உள்ளே அழுத்த வேண்டும். மகரந்தம் கட்டியாக ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். அதனால் ஆழமான பூக்கள்தான் அதிகம் விதை வைக்கும். அப்புறம் அந்தப் பூக்களில் நீள நாக்குப் பூச்சிக்குத்தான் வயிறு நிறையும்.

முருகன் மாமா: ஏட்டிக்குப் போட்டி!

கவின்: அதேதான் மாமா, எத்தனையோ தலைமுறையாக. பூவில் பதுங்கும் சிலந்தியிடம் சிக்காமல் தள்ளி நின்று குடிக்கவே நாக்கு முதலில் நீண்டது, பூ பின்னால் தொடர்ந்தது என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு. எனக்குப் போட்டிக் கதைதான் மனதுக்குப் பிடிக்கிறது.

தேன்மொழி: நம் புளோக் எதிரே மரத்தில் பூக்கிற புறா ஆர்க்கிட்டும் அந்துப்பூச்சிக்காகவா?

கவின்: இல்லை அக்கா, அது தேனீக்கு. அதனால்தான் பகலில் மணக்கிறது. பெருமழையில் சட்டென்று குளிர்ந்தால் ஒன்பதாம் நாள் வாக்கில் வட்டாரம் முழுக்க ஒன்றாகப் பூக்கும், ஒரே நாளில் வாடிவிடும். எல்லாம் சேர்ந்து பூத்தால்தான் தேனீ ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்.

சுந்தரி அத்தை: சரி, மருந்தை உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் செடியில் நாலு இலைதான் மிச்சம்.

கவின்: கீழே தோட்டத்திலும் நந்தியாவட்டை இருக்கிறது அத்தை. புழு இருக்கும் கிளையை வெட்டி வையுங்கள், ஆறு மணிக்கு வந்து எடுத்துப்போய் அங்கே விடுகிறேன். உடம்பு பழுப்பாக மாறினால் உடனே சொல்லுங்கள், கூட்டுப்புழுவாக மண்ணில் இறங்கத் தயாராகிறது என்று அர்த்தம்.

சுந்தரி அத்தை: இப்போது பச்சைதான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னொரு இலையையும் முடித்துவிட்டது. சீக்கிரம் வா.