புதுப்பிப்பு: முதல் பேட்ச் டெஸ்ட்டில் ஒவ்வாமை தெரியாமல் போன காரணம்

தலைமுடிச் சாயம் பூசியபின் காதோரத்தில் அரிப்பும் கொப்புளங்களும் வந்திருந்தும், மே மாதம் செய்த பேட்ச் டெஸ்ட்டில் (ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைப் பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எதுவும் தெரியவில்லையே என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

‘அப்போது என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?’ என்று ஒருவர் கேட்டதுதான் வழி காட்டியது. அந்நாட்களில் நான் தினமும் 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டிருந்தேன். அது டி செல்கள் எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எதிர்வினையை அடக்கி, இருக்கும் ஒவ்வாமையையும் மறைத்துவிடக்கூடும் என்று தோல் மருத்துவர் விளக்கினார். போதாக்குறைக்கு, கோடை வியர்வையில் முதுகில் ஒட்டிய பட்டைகளில் இரண்டு தளர்ந்திருந்தன. அதை அன்றே சொல்லாதது என் தவறு.

மாத்திரையை மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தி (இதை நாமாகச் செய்யக் கூடாது), சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதித்தார். 48 மணி நேரத்தில் பட்டைகளை அகற்றியபோது முதுகு வெறுமையாகவே இருந்தது. 96 மணி நேரத்தில்தான் தலைமுடிச் சாயத்தில் உள்ள பாராஃபெனிலீன்டையமின் என்ற வேதிப்பொருளை வைத்த இடம் சிவந்து தடித்தது. இரண்டாவது பார்வைக்குப் போகாமல் இருந்திருந்தால் மீண்டும் ஏமாந்திருப்பேன்.

நான் எதிர்பாராதது, அரிப்புக்கான செட்டிரிசினை நிறுத்தச் சொல்லாததுதான். அந்த மாத்திரை தடுப்பது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை; என் சாய ஒவ்வாமையோ ஹிஸ்டமின் வழியாக உடனே வரும் வகை அன்று என்பதே அதற்குக் காரணமாம்.