1944-இல் இறந்த விமானப்படை வீரருக்கு நினைவுக்கல்: விவரங்களை எப்படிச் சரிபார்ப்பது?

தொப்பூரான்:
வணக்கம். பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப்போரில் இந்திய விமானப்படையில் இருந்து 22 வயதில் இறந்தவர். வீட்டில் இருப்பவை: 1944 மார்ச் மாதத் தந்தி, ஒரு நட்சத்திரப் பதக்கம், பணி எண் எழுதிய ஓர் உறை. எங்கே இறந்தார் என்று தந்தியில் இல்லை. டெல்லி தேசியப் போர் நினைவுச்சின்னப் பட்டியலிலும் பெயர் இல்லை. பாலக்கோடு பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் கல் நட வேண்டும். தப்பாக எதுவும் வெட்டிவிடக்கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பழைய பதிவேடு:
டெல்லியில் இருக்காது. 2019-இல் திறந்த அந்த நினைவுச்சின்னம் சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்டவர்களுக்கானது. நீங்கள் தேட வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC, அன்றைய பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் இறந்தவர்களின் நினைவிடங்களைப் பராமரிக்கும் அமைப்பு) இணையப் பட்டியலில். 3-9-1939 முதல் 31-12-1947 வரை பணியில் இருந்தபடி இறந்தவர்கள் அதில் வருவார்கள். போர்முனையில்தான் இறந்திருக்க வேண்டும் என்றில்லை, பயிற்சி விபத்தும் காய்ச்சலும் சேரும்.

பணி எண் கையில் இருப்பது பெரிய விஷயம், அதையே முதலில் போடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பதிவில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் சிலருக்குச் சொந்தப் பெயரையும் சிலருக்கு அப்பா பெயரையும் ஏற்றியிருப்பார்கள், இரண்டையும் போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பெயரையே விட்டுவிட்டு இந்தியப் படை, விமானப்படை, தேதி மூன்றை மட்டும் கொடுத்தால் பட்டியல் சின்னதாகிவிடும், கண்ணால் ஓட்டிவிடலாம். தந்தி வந்த நாள் இறந்த நாள் அல்ல. சில வாரம் முன்னாலிருந்து தேடுங்கள்.

ஊர் விஷயத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் ஏமாறுவது. தருமபுரி மாவட்டம் 2-10-1965-இல் உருவானது, கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். 1944-இல் எல்லாமே சேலம் மாவட்டம். அதனால் பதிவில் 'சேலம்' என்று இருந்தால் வேறு யாரோ என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து பதிவில் எந்த நினைவிடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பர்மா வான்வெளியில் போய் உடல் கிடைக்காதவர்களின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள போர் நினைவிடத்தில் இருக்கும். போர்முனைக்கு வெளியே இறந்தவர்களுக்கு 'டெல்லி/கராச்சி 1939–1945' என்று வரும். இரண்டு நகரிலும் ஒரே பெயர்ப்பட்டியல்தான். அதைப் பார்த்துவிட்டு 'கராச்சியில் இறந்தார்' என்று கல்லில் வெட்டிவிடாதீர்கள். அது பெயர் பதிந்த இடம், இறந்த இடம் அல்ல.

ஊத்தங்கரை வாசகர்:
அந்தப் பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளை போலத் தெரிவதால் வீட்டில் யாராவது பூஜைச் சாமானோடு சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள். இந்தியப் படையினருக்குத் தந்த நட்சத்திரங்களில் பின்பக்கம் எண்ணும் பெயரும் அடித்திருப்பதுண்டு. எழுத்து மெல்லியது, தேய்த்தால் போச்சு. பருத்தித் துணியால் தூசி மட்டும் துடைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டிப் படியுங்கள். நடு வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது?

தொப்பூரான்:
பர்மா ஸ்டார். பின்னால் எண் இருக்கிறது, உறையில் உள்ளதேதான்.

ஊத்தங்கரை வாசகர்:
அப்படியானால் அவர் பர்மா போர்க்களத்தில் பணி செய்தவர். 11-12-1941 முதல் 2-9-1945 வரையான பணிக்குரியது அது. ஆனால் அங்கேதான் இறந்தார் என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. இடம் உறுதியாகும் வரை 'பணியின்போது உயிர்நீத்தார்' என்பதே சரியான வாசகம்.

படையின் பெயரில் கவனம். 'ராயல்' என்ற அடைமொழி 1945 மார்ச்சில்தான் வந்தது. உங்களுக்கு 'இந்திய விமானப்படை' போதும். விமானத்தில் வரையும் மூவர்ண வட்டச் சின்னமும் வேண்டாம், அது பிற்காலத்தது. அன்றைக்குப் பர்மா முனையில் ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்று நம் விமானங்களின் வட்டச் சின்னத்தில் இருந்த சிவப்பையே எடுத்துவிட்டு நீலமும் வெளிர்நீலமுமாகப் பூசியிருந்தார்கள்.

கல்வேலை:
கல்லைப் பற்றி நான் சொல்கிறேன். கிருஷ்ணகிரி கருப்பு கிரானைட்டே எடுங்கள். 4 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், 3 அங்குல கனம் என்றால் ஏறக்குறைய 120 கிலோ, தூக்க நாலு பேர் வேண்டும். ஒரு அடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் போகட்டும், சுற்றிலும் கான்கிரீட்.

லேசர் எழுத்து வேண்டவே வேண்டாம். அது மெருகை மட்டும் வெளுக்கும், ஆழம் கிடையாது. நம் பக்கம் நடுகல்லையே வேடியப்பன் என்று கும்பிடுகிறவர்கள். இந்தக் கல்லுக்கும் எண்ணெயும் மஞ்சளும் வராமல் இருக்காது, ரெண்டு வருஷத்தில் எழுத்து மங்கிப்போகும். உளியாலோ மணல் பீய்ச்சியோ 3 மில்லிமீட்டர் ஆழம் வெட்டச் சொல்லுங்கள், எழுத்து உயரம் ஒரு அங்குலம். தங்கப் பெயின்ட் உரிந்துவிடும், வெறும் வெட்டே நிற்கும்.

பட்டறைக்கு வாசகத்தைப் படமாகக் கொடுங்கள். டைப் செய்த கோப்பாகக் கொடுத்தால் அங்கே உள்ள எழுத்துருவில் கொம்பும் காலும் இடம் மாறும். மணல் பீய்ச்சும் முன் கல்லில் ஒட்டிய ஸ்டென்சிலைப் போட்டோ எடுத்து, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மெய்யெழுத்துப் புள்ளிகளை வெட்டாமல் விட்டிருப்பார்கள், 'ன்' 'ன' ஆகிவிடும். 'ழ'வின் சுழிக்குள் இருக்கும் சின்னத் துண்டு உதிர்ந்திருந்தால் அந்த இடம் வெறும் குழியாகிவிடும். பெயர் வரியை மட்டும் வீட்டில் வேறொருவரும் ஒருமுறை படிக்கட்டும்.