பொருள்: 'லாபியிங்' – 'பரிந்துபேசல்', 'வயப்படுத்தல்' என்று இரண்டு சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

'லாபியிங்'குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். அரசின் முடிவுகளைத் தமக்குச் சாதகமாகத் திருப்ப நிறுவனங்களும் குழுக்களும் ஆட்சியாளர்களை அணுகிச் செய்யும் வேலைதான் லாபியிங். 'லாபியிங்' என்பதற்கு அழுத்தம் தருதல், ஆதரவு திரட்டல், தரகு, கைம்மாற்றுக் கொடை என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் ஏன் ஏற்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன். வணிகச் செய்திகளைத் தமிழில் எழுதும் எனக்கு இந்தச் சொல் இல்லாதது அன்றாடத் திண்டாட்டம். அதனால் மடல் சற்று நீளும்.

முதலில் 'அழுத்தம்'. பாடநூல்களில் 'அழுத்தக் குழு' ஏற்கெனவே இருக்கிறதே, புதிய சொல் எதற்கு என்று தேனி ஐயா கேட்டிருந்தார். மதுரையில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை இதற்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்யக் கோரி 2025 ஜனவரி 7 அன்று மேலூர் வட்டார மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகரின் தல்லாகுளத்துக்கு நடந்தே வந்தார்கள். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏலம் விட்ட பரப்பு அதையும் உள்ளிழுத்திருந்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், கடைகளை அடைத்தார்கள். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 23 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. அழுத்தம் என்றால் அதுதான்: பட்டப்பகலில், முகம் காட்டி, பெயர் சொல்லிச் செய்தது. பூட்டிய அறையில் ஒரு நிறுவனத்தின் ஆள் அமைச்சரிடம் பேசுவதற்கும் அதே பெயர் என்றால், நாளைக்குச் செய்தி படிப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

'ஆதரவு திரட்டல்' தேர்தல் மேடைக்குப் போய் நெடுநாளாகிறது. 'தரகு' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கமிஷன் கடைக்காரர் வாங்கும் தரகு, பூ கொண்டுவரும் விவசாயிக்கும் தெரியும், வாங்கும் வியாபாரிக்கும் தெரியும். நாம் பெயர் தேடும் செயலிலோ மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார்: முடிவின் பலனைச் சுமக்கப்போகும் பொதுமக்கள். அவர்கள் அந்த இடத்திலேயே இல்லை. தரகு என்ற சொல்லில் அந்த மூன்றாமவருக்கு இடமில்லை.

நெருங்கி வந்தது சிவகங்கை ஆசிரியை அம்மா தந்த 'கைம்மாற்றுக் கொடை'. கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பை அவர் மேற்கோளாகக் காட்டியிருந்தார். பொருத்தமான மேற்கோள். நிறுவனங்கள் கட்சிகளுக்குக் கொடுக்கும் பணம், பதிலுக்கு ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் கொடுப்பதாக இருக்கலாம் என்பதை அந்த அமர்வு வெளிப்படையாகவே பேசியது. மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்கு நன்கொடை தரக் கூடாது என்று 2013 கம்பெனிகள் சட்டத்தில் இருந்த வரம்பை 2017இல் எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்ததும் செல்லாது என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனாலும் எனக்கு இரண்டு தயக்கங்கள். எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் 'கைமாற்று' என்றால் வட்டியில்லாமல் நாலு நாளைக்கு வாங்கும் கடன். கைம்மாற்றுக்கும் கைமாற்றுக்கும் இடையில் நிற்பது ஒற்றை மகர மெய்தான். அச்சில் அது விழுந்தால் பொருளே மாறிவிடும். இரண்டாவது தயக்கம் பெரிது. கைம்மாறு என்றால் இன்னார் கொடுத்தார், இன்னார் பதிலுக்கு இதைச் செய்தார் என்று காட்டியாக வேண்டும். நடப்பில் பெரும்பாலும் அப்படிக் காட்ட முடிவதில்லை. காட்ட முடிந்தால் அதற்கு லஞ்சம் என்ற சொல்லே போதும்.

இந்த இழை தொடங்கியதே வெளிநாட்டு வணிகச் செய்தி ஒன்றால் என்பதால், அத்துறையிலிருந்தே எடுத்துக்காட்டுகிறேன். 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தில் அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் குறித்து எழுந்த அமளி பலருக்கும் நினைவிருக்கும். சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதிப்பது பற்றிய விவாதம் சூடாக இருந்த நேரம். அந்த நிறுவனம் 2008 முதல் லாபியிங்குக்காக சுமார் 2.5 கோடி டாலர் செலவிட்டதாகவும், பேசிய பொருள்களில் இந்தியச் சந்தையில் முதலீடு செய்வதும் ஒன்று என்றும் செய்தி வந்தது. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அந்தத் தகவல் நமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க செனட்டில் அந்த நிறுவனமே தாக்கல் செய்த கணக்கிலிருந்து. அங்கே 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தத் தொழில் செய்பவர் பதிவு செய்ய வேண்டும், யாருக்காக, எந்தப் பொருள் பற்றி, எவ்வளவு செலவில் என்று கணக்குக் காட்ட வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. சொல் ஒன்று நிலைபெறாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சட்டத்தில் வரையறுக்காத செயலுக்கு அரசு அகராதியில் இடம் கிடைப்பதில்லை.

ஆகவே முதல் சொல்: 'பரிந்துபேசல்'. கூலி பெற்றுக்கொண்டு, ஒருவர் சார்பாக, சட்டமியற்றுவோரிடமோ அதிகாரிகளிடமோ போய்ப் பேசுவது. செய்பவர் 'பரிந்துபேசுநர்'. 'எனக்காக யாராவது பரிந்து பேச மாட்டார்களா' என்று நாம் சொல்லும் சொல்தான். 'பரிந்துரை' இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்பீர்கள். பரிந்துரை ஓர் ஆவணமாகிவிட்டது. குழு தரும், கோப்பில் இருக்கும். பரிந்து பேசுவதில் பேசுகிறவர் ஒரு பக்கம் நிற்கிறார் என்பது கேட்டவுடன் தெரிகிறது. பழிப்பும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. அமெரிக்கப் பதிவேட்டை மொழிபெயர்க்க இது போதும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். பேச்சு மட்டும் முடிவுகளைத் திருப்புவதில்லை. மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்திட்டத்துக்காக இந்திய அதிகாரிகளுக்குப் புரியவைக்கும் 'கல்வி'க்கும் திட்ட உருவாக்கத்துக்குமாக சுமார் 2 கோடி டாலர் செலவிட்டதாக 1995இல் அத்திட்டத்தை நடத்திய அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் அதிகாரி ஒருவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னிலையில் சொன்னார். அதைக் கல்வி என்றே சொன்னார்கள். பரிந்துபேசல் என்ற சொல் இதை எட்டாது.

அறக்கொடையிலும் இதே கதைதான். 2020இல் பொருளியலாளர் நால்வர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அமெரிக்கப் பெருநிறுவனங்களின் அறக்கட்டளைகள் எந்தத் தொகுதியில் உள்ள தொண்டு அமைப்புகளுக்குப் பணம் தருகின்றன என்று பார்த்தார்கள். நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ள நாடாளுமன்றக் குழுவில் ஒரு தொகுதியின் உறுப்பினருக்கு இடம் கிடைத்தால் அங்கே கொடை கூடுகிறது. அந்த உறுப்பினர் பதவியை விட்டுப் போனால் குறைகிறது. தொண்டு அமைப்பு தவறேதும் செய்திருக்காது. உறுப்பினர் தன் கையால் ஒரு காசும் வாங்கியிருக்க மாட்டார்.

நம் பக்கத்தில் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. 2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். கட்சிக்குத் தரும் நன்கொடை இந்தக் கணக்கில் சேராது. மதுரைக்குக் கிழக்கே ஓர் அரசுப் பள்ளியில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்தேன். நீல நிறத் தொட்டி, நான்கு குழாய்கள், குழாய்களுக்கு மேலே பிள்ளைகள் அண்ணாந்து படிக்கும் உயரத்தில் நிறுவனத்தின் பெயர். பக்கத்தில் திறந்துவைத்தவரின் பெயர் பொறித்த கல். தண்ணீர் நன்றாக இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டிலில் பிடித்தார்கள். இதை நாம் எந்தப் பெயராலும் கறைப்படுத்தக் கூடாது. கொடை தன்னளவில் நல்லதுதான். எந்த முடிவை நோக்கி, யார் முடிவெடுக்கும் நேரத்தில் வருகிறது என்பதுதான் கேள்வி. நம் சொல்லின் வரையறைக்குள் 'முடிவு' இருந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்து, செய்தி ஊடகத்துக்கு வருகிறேன். பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போல வெளியிடுவதைக் குறிக்கும் 'கட்டணச் செய்தி' என்ற சொல் 2009 மக்களவைத் தேர்தலை ஒட்டி எழுந்த புகார்களால் பரவியது. பத்திரிகைக் கவுன்சிலும் 2010இல் அதுபற்றி அறிக்கை தந்தது. அதில் பணம் கைமாறியாக வேண்டும். வணிகச் செய்தியில் பணம் கைமாறாமலே பக்கம் சாய்ந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டில் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை அரசு நிறுத்திவைத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை, பிறகு டிசம்பர் 31 வரை. அமெரிக்கா நம் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்ட நேரம், ஆலைகளுக்கு உண்மையிலேயே நெருக்கடி. ஆலைச் சங்கங்கள் வெளிப்படையாகக் கேட்டன, வெளிப்படையாக வரவேற்றன. அதில் ஒளிவுமறைவு இல்லை. அதை வேறு பெயரால் அழைக்க மாட்டேன். ஆனால் சங்கத்தின் அறிக்கை மாலைக்குள் தட்டச்சு செய்து, தலைப்பும் போட்டு, படத்தோடு செய்தியறைக்கு வந்துவிடுகிறது. பேரையூர், தே. கல்லுப்பட்டிக் கரிசலில் பருத்தி போடுபவரின் கருத்து வேண்டுமென்றால் நாம்தான் தேடிப் போக வேண்டும். அறிக்கை அனுப்பியவரே பத்திரிகையின் பெரிய விளம்பரதாரராகவும் இருந்தால், தேடிப் போகும் அந்த நிருபருக்கு பஸ் டிக்கெட் காசு யாரும் தர மாட்டார்கள். இங்கே யாரும் யாரையும் மிரட்டவில்லை.

இதற்குத்தான் 'வயப்படுத்தல்'. வினை: வயப்படுத்து. அப்படி ஆகிவிட்ட நிலை: வயப்பாடு. ஒரு தொழிலைக் கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பே அந்தத் தொழிலின் பிடிக்குள் போய்விடுவதை 'ரெகுலேட்டரி கேப்ச்சர்' என்று நாம் தமிழில் எழுதித் தொலைக்கிறோமே, அந்தத் தொடருக்கு 'ஒழுங்காற்று அமைப்பின் வயப்பாடு' என்று எழுதலாம். தேர்தல் நிதிவழி, கொடைவழி, செய்திவழி என்று முன்னொட்டு சேர்த்தால் மூன்று வழிகளும் ஒரே செயலின் கிளைகள் என்பது சொல்லிலேயே தெரியும். இதுவரை மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்ததால், மூன்றும் வெவ்வேறு செயல் என்ற எண்ணத்தை நாமே வளர்த்துவிட்டோம்.

காதல் வயப்படுதல்தான் நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் மறுப்புத் தெரிவித்தார். எனக்கு அதுவே இந்தச் சொல்லின் வலிமையாகப் படுகிறது. உணர்ச்சிவயப்பட்டவர் தான் வயப்பட்டிருப்பதை அறிவதில்லை. தன் சொந்த முடிவைத்தான் எடுப்பதாக நம்புகிறார். கொடை பெற்ற தொண்டு அமைப்பும், விளம்பரம் பெற்ற ஆசிரியர் குழுவும், நன்கொடை பெற்ற கட்சியும் பெரும்பாலும் அதே நிலையில்தான் இருக்கின்றன. லஞ்சம் வாங்கியவருக்குத் தான் வாங்கியது தெரியும். வயப்பட்டவருக்குத் தெரிவதில்லை.

வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்: வயப்படுத்தல் – பொது முடிவு ஒன்றைத் தன் நலனுக்கு ஏற்பத் திருப்பும் நோக்கில், அந்த முடிவை எடுப்பவரையோ அவர் செவிசாய்க்கும் கட்சி, தொண்டு அமைப்பு, ஊடகம் முதலியவற்றையோ பொருளாலும் உதவியாலும் தன்பால் சார்ந்திருக்கச் செய்தல்.

எடுத்துக்காட்டு வாக்கியம்: 'இறக்குமதி வரிக் கொள்கையில் கொடைவழி வயப்படுத்தல் நடந்ததா என ஆராய வேண்டும் என்று உறுப்பினர்கள் கோரினர்.'

'உதவியாலும்' என்பதைச் சேர்த்தது, கூட்டங்களுக்கு அழைத்துப் போவது, ஆய்வுக்கு நிதி தருவது போன்றவையும் அடங்கட்டும் என்பதற்காக. வரையறை விரிந்துவிட்டது என்று தோன்றினால் சொல்லுங்கள். செய்பவரை 'வயப்படுத்துநர்' என்பதா, 'வயப்படுத்துவோர்' என்பதா என்பதையும் இலக்கணம் அறிந்தவர்கள் தீர்த்துவைக்க வேண்டும். பரிந்துபேசுநரோடு சேர்த்து வைக்க முன்னதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து