கதவு மூலைக்கு 45 பாகை வெட்டுத்தானா?

வாவிக்கரை ஓடாவி:
கல்முனைக் கதவொன்றின் படத்தின் கீழே, "கைச் சீவுளியால் மோல்டிங் (விளிம்பு வேலைப்பாடு) இழுத்த சட்டங்களை மூலையில் 45 பாகைக்கு வெட்டிச் சேர்ப்பதே சரியான முறை" என்று அக்கரைப்பற்றுத் தம்பி எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு வாய்மூடி இருக்க முடியவில்லை. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிக அற்பம், அகலவாக்கில்தான் சுருங்கும். பச்சைத் தேக்கு முற்றாகக் காயும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5 சதவீதமும், ஆரத்தின் போக்கில் அதில் பாதியும் குறையும். மார்கழி மழையில் ஊதிய கதவு ஆடிக் கச்சான் காற்றில் காயும்போது, 45 பாகை வெட்டு உள்மூலையில் வாய்பிளக்கும். குறுக்குச் சட்டத்தின் முனையை நெடுஞ்சட்டத்து மோல்டிங்கின் எதிர்வடிவமாகக் குடைந்து மேலே படியவைத்தால், சுருங்கினாலும் பிளவு கண்ணில் படாது.

அக்கரைப்பற்றான்:
பச்சை மரத்தின் கணக்கைக் காட்டிக் காய்ந்த மரத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள், அண்ணன். முதிரை மாதிரிக் கடின மரத்தில் அப்படிக் குடைந்து பாருங்கள். மெலிந்த விளிம்பு, சட்ட முனையின் நாக்கான கழுந்தைப் பொளியில் (அதற்கான துளையில்) தட்டி இறக்கும்போதே உடையும். 45 பாகையில் அந்தத் தொல்லை இல்லை.

வாவிக்கரை ஓடாவி:
காய்ந்த மரமும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், பிறகு விடும். விளிம்பு உடைவது தீட்டாத உளியால். 45 பாகை பிளக்கும்.

செங்கலடி வாசகன்:
முதிரையில் கைச் சீவுளி ஓடுமா என்பதே எனக்குச் சந்தேகம். இழை முன்னும் பின்னும் பின்னிக் கிடப்பதால் செதில் செதிலாகப் பிய்ந்து வருகிறது. மோல்டிங் குடையும் மின்கருவியான ரவுட்டர் வாங்கிய பிறகுதான் நிம்மதி.

வாவிக்கரை ஓடாவி:
அலகு 45 பாகையில் சாய்ந்த சீவுளியை வைத்துக்கொண்டு முதிரையைக் குறை சொல்லக் கூடாது. 55 பாகைக்கு நிமிர்ந்த அலகு வேண்டும். சட்டத்தின் தூர முனையில் சிறு தள்ளல்களாகத் தொடங்கி, பின்னோக்கி வந்து, பள்ளம் பதிந்த பிறகே முழு நீளத்துக்கும் தள்ள வேண்டும். ரவுட்டர்க்காரருக்கு இதற்கெல்லாம் பொறுமை எங்கே?

செங்கலடி வாசகன்:
ரவுட்டர் வைத்திருப்பவனும் ஓடாவிதான், ஐயா.

அக்கரைப்பற்றான்:
அலகு தீட்டும் விவாதத்திலும் அண்ணன் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தினார். செய்த கதவின் படத்தைக் கேட்டதும் ஆளைக் காணவில்லை. இப்போதாவது போடுங்கள். என் 45 பாகை மூலைகள் ஒன்றும் பிளக்கவில்லை.

வாவிக்கரை ஓடாவி:
படம் கேட்பது பதிலாகாது. ஆடி மாதம் உங்கள் கதவின் உள்மூலையில் ஒரு கடதாசியைச் செருகிப் பாருங்கள், தம்பி.

அக்கரைப்பற்றான்:
செருகுகிறேன். அதற்கு முதல் படத்தைப் போடுங்கள்.