குழந்தைகளின் வலி பற்றி ஆய்வு செய்ய ஆசை, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் தாதியாக இருக்கிறேன். வேலையை விடாமல் முனைவர் பட்டம் படிக்க ஆசை.

குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது குழந்தையின் புருவம் நெரியும், கண் இறுக மூடும், மூக்கோரம் மடிப்பு விழும், வாய் சத்தமில்லாமல் திறக்கும். அப்புறம்தான் அழுகை வரும். அதே குழந்தை தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்தால் பல நேரம் முகம் லேசாகச் சுளிப்பதோடு சரி. இனிப்புச் சுவையும் பாலும் வலியைத் தணிப்பது பற்றி எலியட் பிளாஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தாய்ப்பால் குடிக்கும்போது குத்தினால் அழுகை வெகுவாகக் குறைகிறது என்று 2002இல் அவர் குழு 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் எழுதியது. இதில் சுவையின் பங்கு எவ்வளவு, சப்புவதன் பங்கு எவ்வளவு, தாயின் உடல் சூட்டின் பங்கு எவ்வளவு? அதைத்தான் ஆராய விரும்புகிறேன். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குழந்தைக்கு ஊசி போடுவதை என் மனம் ஏற்கவில்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யுஎஸ்) அல்லது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (என்டியு) தாதிமை அல்லது உளவியலில் பகுதிநேரமாக முனைவர் பட்டம் முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முதலில் முதுகலை படிக்க வேண்டுமா? வழிகாட்டிப் பேராசிரியருக்கு முதல் மின்னஞ்சலில் என்ன எழுதினீர்கள்? 2009இல் இங்கே தொடங்கிய 'கஸ்டோ' தாய்சேய் ஆய்வில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் பேச வேண்டும்.

இங்கேயே பதில் போடலாம், தனிச்செய்தியும் அனுப்பலாம். இந்த வாரம் இரவுப் பணி, அதனால் காலையில்தான் பார்ப்பேன்.