கபாலா வழியில் தன்னைத் திருத்துவது, படிப்பு, பிரார்த்தனை: ஒன்றை ஒன்று தின்னாமல் நடத்துவது எப்படி?

வைகை வடகரை (கேள்வி)

வணக்கம். மதுரையில் வேலை, குடும்பம் என்று இருக்கும் ஒருவர் யூத மறைஞான மரபான கபாலாவை ஊன்றிப் படிக்க நினைத்தால் நாளை எப்படி அமைத்துக்கொள்வது? காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு ஏழரைக்குத் திரும்பினால் கையில் நிற்பது ஒன்றரை மணி நேரம். தன்னைத் திருத்திக்கொள்ள அரை மணி, படிப்புக்கு அரை மணி, பிரார்த்தனைக்கு அரை மணி என்று பங்கு போடலாமா? படிப்பில் ருசி கண்டுவிட்டால் மற்ற இரண்டும் பட்டினி கிடக்கின்றன. பிரார்த்தனையில் மனம் ஊன்றினால் புத்தகத்தைத் தொடுவதே இல்லை.

இன்னும் இரண்டு. கபாலாவின் மூலநூலான சோஹாரின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்தே தொடங்கலாமா? யூதர் அல்லாத, வீட்டில் பூசையறை உள்ள ஒருவர் இதில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

"மனதை ஒருமுகப்படுத்துங்கள்" என்பதோடு நிறுத்தாமல் படிப்படியாகச் சொன்னால் நல்லது.

அரசரடி எபிரேயம்

தம்பி, பங்கு போடும் யோசனை முதலில் போகட்டும். இறைவன் தன்னை வெளிப்படுத்தும் பத்து நிலைகளைக் கபாலா செஃபிரோத் என்கிறது. அதில் வலப்பக்கம் ஹெசெத், அள்ளிக் கொடுக்கும் அருள். இடப்பக்கம் கெவுரா, அளந்து நிறுத்தும் கண்டிப்பு. நடுவில் திஃபெரெத். இந்த நடு இரண்டையும் பாதிப்பாதி கலந்த கலவை இல்லை. எப்போது கொடுப்பது, எப்போது கையை மடக்குவது என்று அறிந்து இரண்டையும் வேலை வாங்குவது அது. அதனால் மணிக்கணக்கைச் சரிபாதியாக்கினால் சமநிலை வந்துவிடாது.

சஃபேத் நகரத்துக் கபாலா அறிஞர் மோசே கோர்தோவேரோ (1522–1570) எழுதிய 'தோமேர் தெபோரா' என்ற சிறு நூலின் பத்தாம் அதிகாரம் நேரே உங்கள் கேள்விக்குத்தான் பதில். எல்லாச் செஃபிரோத்தோடும் எந்நேரமும் ஒட்டியிருக்க மனிதனால் ஆகாது. அந்தந்த நேரத்துக்கு எது உரியதோ அதில் நிற்க வேண்டும் என்று சொல்லி, இரவுப் படுக்கையில் தொடங்கி, எழுந்து கை கழுவுவது, பிரார்த்தனை, படிப்பு என்று ஒரு முழு நாளைச் சுற்றி வருகிறார்.

முதலிடம் எதற்கு? யூதச் சட்ட விவாத நூலான தால்முத்தில் ஷப்பாத் பகுதி, 31-ஆம் தாளில் இறந்தவரிடம் கேட்கப்படும் கேள்விகள் வரிசையாக உள்ளன. முதல் கேள்வி, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா என்பது. படிப்புக்கு நேரம் குறித்து வைத்தாயா என்பது அதற்கு அடுத்ததுதான். கீழமாசி வீதியில் கடை வைத்திருப்பவருக்குத் தராசுதான் முதல் பாடம். செஃபிரோத் படம் அதற்குப் பிறகு. "தன்னைத் திருத்துவது" என்று நீங்கள் தனி அரை மணி ஒதுக்கியது அந்த எட்டரை முதல் ஏழரை வரைக்கும் நடக்க வேண்டிய வேலை. வீட்டில் இருக்கும் நேரம் அதற்குத் தயாராகவும் கணக்குப் பார்க்கவும்தான்.

ஒன்றரை மணி நேரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

காலை 20 நிமிடம். சஃபேத்தின் கபாலா குரு ஐசக் லூரியா (1534–1572) வழியில், பிரார்த்தனைக்கு முன் லேவியராகமம் 19:18, பிறரைத் தன்னைப்போல் நேசிக்கும் கட்டளையை ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். யாரோடு முகம் முறிந்திருக்கிறதோ அவரை நினைத்துச் சொல்லுங்கள். பொதுவாக "எல்லோரையும்" என்றால் அதில் எடை இராது. பிறகு சங்கீதம் 119. எபிரேய எழுத்து 22, எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. நாளுக்கு ஓர் எழுத்து என்றால் 22 நாளில் ஒரு சுற்று. உதடு அசைய, தன் காதில் விழும் அளவுக்குச் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம்.

மாலை 40 நிமிடம். ஒரே இடம், ஒரே நேரம், போன் வேறு அறையில். ஒரு பக்கத்தை இருமுறை படிப்பது. முதல் முறை பொருளுக்கு. இரண்டாம் முறை, நாளைக்குச் செய்யக்கூடியது அதில் என்ன என்று தேட. அதை ஒரே வரியில் எழுதிவிட்டு மூடுங்கள். எழுத ஒரு வரி கிடைக்கவில்லை என்றால் மறுநாளும் அதே பக்கம்.

இரவு 10 நிமிடம். ஹெஷ்போன் ஹநெஃபெஷ், ஆன்மக் கணக்கு. 1808-இல் மெண்டல் லெஃபின் வெளியிட்ட முறையில் 13 குணங்கள், குணத்துக்கு ஒரு வாரம், ஆண்டுக்கு நான்கு சுற்று. நோட்டில் நாளுக்கு ஒரு கட்டம்; தவறினால் ஒரு புள்ளி, அவ்வளவே. விளக்கம் எழுதக்கூடாது, எழுதினால் அது சாக்காகத்தான் வந்து முடியும். கோபத்தை முதல் வாரம் வையுங்கள். மற்றக் குற்றங்கள் ஒவ்வோர் உறுப்பைக் கெடுக்கும், கோபம் ஆன்மாவை முழுதாகவே பறித்துவிடும் என்று லூரியா கடுமையாகச் சொன்னதை அவர் சீடர் ஹாயிம் விதால் எழுதி வைத்திருக்கிறார்.

மீதி 20 நிமிடத்தை எதற்கும் ஒதுக்காதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பஸ் தாமதமாகும். இறுக்கிக் கட்டிய அட்டவணையில் முதலில் அறுந்து விழுவது இரவுக் கணக்குதான். ஒரு நாள் பத்தே நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் படிப்பை விடுங்கள், கணக்கை விடாதீர்கள்.

கூடல் வாசகர்

மேலே அண்ணன் சொன்னதோடு, படிப்பு வரிசை பற்றி மட்டும்.

சோஹாரில் தொடங்க வேண்டாம். மரபு அதை 2-ஆம் நூற்றாண்டு ஷிமோன் பார் யோஹாயுடையது என்கிறது. நூல் வெளிவந்தது 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில், மோசே தெ லெயோன் வழியாக. வேதவசனம், மிஷ்னா என்ற வாய்வழிச் சட்டத் தொகுப்பு, பழைய உரைகள் எல்லாம் வாசகருக்கு மனப்பாடம் என்று வைத்துக்கொண்டு அது பேசும். ஸ்டான்ஃபோர்டு பதிப்பு 12 தொகுதி (2004–2017), அடிக்குறிப்பைப் பார்க்காமல் ஒரு பத்தி நகராது. அது தெரியாமல் நுழைபவர் சுவையான படிமங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வெளியே வருவார்.

நாற்பது வயதுக்கு முன் தொடக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. லூரியா இறந்தபோதே அவருக்கு 38 வயது, ஆகவே அது கதவடைப்பு அல்ல. யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக்கின் யோரே தேஆ பகுதியில் (246:4) மோசே இஸ்ஸெர்லெஸ் வைக்கும் நிபந்தனைதான் உண்மையான தடை: விலக்கியது எது, அனுமதித்தது எது என்ற நடைமுறைச் சட்டத்தால் வயிறு நிரம்பிய பிறகே இந்தத் தோட்டத்தில் உலாவலாம். ஒழுக்கம் முதலில், மறைபொருள் பிறகு.

அதனால் வரிசை இப்படி: யூத முன்னோரின் ஒழுக்க மொழிகளான 'பிர்கே அவோத்', ஆறு அதிகாரம், வாரம் ஒன்று. அடுத்து மோசே ஹாயிம் லுத்ஸாத்தோவின் 'மெசிலாத் யெஷாரிம்' (1740), 26 அதிகாரம். இதை வேகமாகப் படித்தால் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும்; ஒவ்வொரு குணத்துக்கும் அது எப்படி வரும், எது அதைக் கெடுக்கும் என்று பிரித்துச் சொல்லும் இடங்களில்தான் சரக்கு இருக்கிறது. பிறகு 'தோமேர் தெபோரா'. அதன் ஏழாம் அதிகாரத்தைத் தள்ளிவிடாதீர்கள், படிப்பால் வரும் செருக்கைப் பற்றியது. இந்த மூன்றுக்கும் ஓர் ஆண்டு கொடுக்கலாம்.

அதற்குப் பிறகுதான் செஃபிரோத். யோசேஃப் கிகத்தில்லாவின் 'ஷஅரே ஓரா' பத்து வாசல்களாக அமைந்தது. அவர் மேலேயிருந்து வரவில்லை. கடைசிச் செஃபிராவான மல்ஹூத்தை முதல் வாசலாக வைத்து, படியேறி, உச்சியிலுள்ள கேத்தரில் முடிக்கிறார். மாதம் ஒரு வாசல் என்று வைத்துக்கொண்டு, அவர் காட்டும் வசனங்களைத் தமிழ் வேதாகமத்தில் எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டே போங்கள். வசனம் இல்லாமல் செஃபிராவின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் "திஃபெரெத் என்றால் அழகு" என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுபோகும்.

சறுக்கும் இடம் மூன்று. பத்து வட்டப் படத்தை இறைவனின் உடம்பாக எண்ணுவது: சோஹாரின் இத்ரா ரப்பா பகுதியே, சிலை செய்து ஒளித்து வைப்பவன் சபிக்கப்பட்டவன் என்ற உபாகமம் 27:15-ஐச் சொல்லித்தான் வாய் திறக்கிறது. அடுத்து, எழுத்து எண்களைக் கூட்டிப் பெயர்ப் பொருத்தம் பார்ப்பது: எழுத்தெண் கணக்கு ஏற்கெனவே அறிந்த கருத்துக்கு ஆதரவாக வருவது, அதிலிருந்து புதுக் கருத்து கறக்கக் கூடாது. மூன்றாவது, இணையத்தில் டாரட் சீட்டோடு சேர்ந்து வரும் படங்கள். அவை 19-ஆம் நூற்றாண்டு பிரான்சில் எலிஃபாஸ் லெவியும் 1888-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கோல்டன் டான் சபையும் வளர்த்த வேறு மரபு. படிக்க வேண்டுமானால் தனியாகப் படிக்கலாம். இதோடு கலந்தால் இரண்டுமே குழம்பும்.

வாரம் ஒருமுறை இன்னொருவரோடு உட்காருங்கள். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மறுத்துக் கேட்க வேண்டும்; ஆமாம் போடும் துணையால் பயனில்லை. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் தனியாகப் படிக்க நல்ல இடம், ஆனால் இந்த வாதத்துக்குக் காந்தி மியூசியத்து மரநிழல்தான் சரி.

பரங்குன்றம் மலையடி

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன் தம்பி.

613 கட்டளைகள் யூதருக்கு உரியவை. வேதவசனப் பெட்டியான தெஃபிலினைக் கட்டுவது, ஓய்வுநாளான சப்பாத்தை முழு விதிப்படி அனுசரிப்பது எல்லாம் வெளியாருக்கு இல்லை. சப்பாத் பற்றித் தால்முத் (சன்ஹெத்ரின் 58) வெளிப்படையாகவே தடுக்கிறது. ஆசைக்காகப் போலச் செய்வதில் மரியாதை இல்லை. மேலே சொன்ன குணப்பயிற்சி, சங்கீதம், ஒழுக்க நூல்கள் யாருக்கும் திறந்தவை. ஹசிதிய குரு பிரட்ஸ்லவ் நாஹ்மான் சொன்ன ஹித்போதெதுத்தும் அப்படித்தான். நாளுக்கு ஒரு மணி நேரம் தனிமையில், தன் தாய்மொழியில், இறைவனிடம் பேசுவது. எபிரேயம் வேண்டாம், சூத்திரம் வேண்டாம். ஒரு மணி நேரம் முடியாவிட்டால் அண்ணன் சும்மா விடச் சொன்ன அந்த 20 நிமிடத்தில் கிடைத்ததைப் பேசுங்கள். வாய் அடைத்துக்கொண்டால், "பேச வரவில்லை" என்பதையே சொல்லித் தொடங்குவதுதான் முறை.

தொடக்கூடாதவை: இறைவனின் நான்கெழுத்து எபிரேயத் திருநாமத்தை உச்சரிப்பது, தாயத்து, எழுத்துகளை மாற்றி மாற்றி மூச்சோடு சொல்லும், 13-ஆம் நூற்றாண்டுக் கபாலா அறிஞர் ஆபூலாஃபியாவின் முறை. மந்திரம், தாயத்து போன்ற செயல்முறைக் கபாலா இந்தக் காலத்துக்கு ஆகாது என்று லூரியாவே தடுத்தார். கபாலா காப்பு என்று சிவப்புக் கயிறு விற்பவரிடம் போய் நிற்காதீர்கள். திருநாமம் எபிரேயத்தில் அச்சான தாளைக் குப்பையில் போடாமல் தனிப் பையில் சேர்த்து, சுத்தமான மண்ணில் புதைக்க வேண்டும்.

பூசையறையில் அந்தப் பத்து வட்டப் படத்தை மாட்டாதீர்கள். கபாலா உருவ வழிபாட்டை மறுக்கும் மரபில் நிற்பது. நம் பூசை உருவத்தில் அருளைக் காண்பது. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் இரண்டுக்கும் குறைவு. பூசை பூசையறையில் இருக்கட்டும், இந்தப் படிப்பு மேசையில் இருக்கட்டும்.

சைவ சித்தாந்தம் தெரிந்தவர்கள் உடனே ஒப்பிடத் தொடங்குவார்கள். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற படிமுறை இந்த ஒழுக்கம் முதல் என்ற வரிசையைப் புரிந்துகொள்ள உதவும், அதில் தவறில்லை. அடிப்படையில் வேறுபாடு பெரிது. நமக்குப் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. அங்கே தொடக்கத்தில் 'ஏன் சோஃப்' எனும் எல்லையற்றது ஒன்றே. லூரியா சொல்லும் சிம்சூம், அந்த எல்லையற்ற ஒளி தன்னை ஒடுக்கி இடம் விட்ட பிறகே மற்ற எல்லாம். ஆன்மாவும் அதிலிருந்து இறங்கி வருவது. சிம்சூமை மாயை என்றோ, செஃபிரோத்தைச் சக்கரங்கள் என்றோ எழுதும் பக்கங்களை நம்பிப் படித்தால், இரண்டு தத்துவமும் தன் சொந்தக் கேள்வியை இழந்துவிடும்.

வைகை வடகரை

நன்றி அண்ணே, அக்கா. ரொம்பத் தெளிவாக இருக்கிறது. இரண்டு சந்தேகம் மிச்சம். நள்ளிரவில் எழுந்து சொல்லும் திக்குன் ஹத்ஸோத் பிரார்த்தனை வேண்டுமா? ஓமெர் எண்ணிக்கையைக் குணப்பயிற்சியாக எப்படி வைப்பது?

அரசரடி எபிரேயம்

நள்ளிரவு என்பது கடிகாரத்து 12 அல்ல, சூரிய மறைவுக்கும் உதயத்துக்கும் நடு. மதுரையில் அது நவம்பர் தொடக்கத்தில் 12:01 வாக்கிலும் பிப்ரவரி நடுவில் 12:32 வாக்கிலும் வரும். ஆனால் எட்டரைக்கு வேலைக்குப் போகிறவர் அதைப் பிடிக்க வேண்டாம். தூக்கம் கெட்டால் அடுத்த நாள் கோபம் வரும், நோட்டில் புள்ளி ஏறும்; ஒன்றைப் பெற்று மற்றதைத் தோற்றதாகிவிடும். வைகறையில் எழுவது போதும்.

தூக்கம் பற்றி இன்னொன்று. மறைஞானத் தோட்டத்துக்குள் போன நான்கு யூத அறிஞர்களில் பென் அஸ்ஸாய் இறந்தார், பென் ஸோமா மனம் பேதலித்தார், எலீஷா செடிகளை வெட்டினார், அதாவது நம்பிக்கையைத் துறந்தார், அக்கீவா மட்டும் நலமாகத் திரும்பினார் என்று தால்முத்தின் ஹகீகா பகுதி 14-ஆம் தாளில் இருக்கிறது. தொடர்ந்து சில இரவு தூக்கமே வராமல் உற்சாகம் மட்டும் ஏறுவது, எங்கு பார்த்தாலும் தனக்கான எண்ணும் குறியும் தெரிவது, குரல் கேட்பது, வீட்டாரோடு பேச்சு அறுவது: இவை ஞான அறிகுறி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். படிப்பையும் தியானத்தையும் அன்றே நிறுத்தி, ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ தெரிந்த மனநல மருத்துவரிடமோ போக வேண்டும். சங்கீதம் சொல்வது, பிறருக்கு உதவுவது மட்டும் தொடரலாம்.

ஓமெர், பாஸ்காவின் இரண்டாம் இரவில் தொடங்கி 49 இரவு. ஹெசெத் முதல் மல்ஹூத் வரை ஏழு வாரம், ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் அதே ஏழு நாள். முதல் வாரம் இரண்டாம் நாள் ஹெசெத்துக்குள் கெவுரா: வாங்குபவர் தாங்கும் அளவுக்கு மட்டும் கொடுப்பது. ஐந்தாம் நாள் ஹெசெத்துக்குள் ஹோத்: தன் பெயர் வெளியே வராமல் கொடுப்பது. எட்டாம் நாள் கெவுராவுக்குள் ஹெசெத்: கண்டிக்கும்போது அன்பு குறையாமல் பார்ப்பது. ஏழுக்கு ஏழு கட்டம் போட்டு, நாளுக்கு ஒரே ஒரு செயலை எழுதுங்கள். இருட்டிய பிறகுதான் அன்றைய எண் தொடங்கும். ஏப்ரலில் இங்கே ஏழு மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடும். பல ஆண்டுகளில் சித்திரைத் திருவிழாவும் இந்த 49 நாளுக்குள்தான் வரும், அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்து இரவில் எண்ணிக்கை மறந்துபோகும். மறுநாள் பகலில் நினைவு வந்தால் பகலிலேயே எண்ணித் தொடருங்கள். முழு நாளும் தவறிவிட்டால் யூதர்கள் அதற்குப் பின் ஆசிமொழி சொல்லாமல் எண்ணுவார்கள். உங்களுக்கு ஆசிமொழி முதலிலிருந்தே இல்லை, விட்ட கட்டத்தை வெறுமையாக வைத்துவிட்டு அடுத்த எண்ணிலிருந்து போகலாம்.